கலையா, கண்காணிப்பா?

கண்காணிப்புக் கருவிகளைக் கொண்டே கலை படைக்கும் போக்கொன்று மேலைநாட்டு நிழற்படக் கலைஞரிடையே வலுப்பெற்று வந்துள்ளது. இராணுவத்துக்கென ஆக்கப்பட்ட வெப்பக் கமராவும், காட்டுவிலங்குகளின் தடத்தோரம் கட்டிவைக்கப்படும் தானியங்கிக் கமராவும் எல்லைப்புறப் பாலைநிலங்களைக் கடப்போரைப் படம்பிடிக்கின்றன. அடக்குமுறையின் கருவி அடக்குமுறைக்கு எதிராகவே திருப்பப்பட்டுவிட்டது என்பது இப்படங்களைப் போற்றுவோரின் வாதம். கருவி கைமாறியிருப்பது உண்மையே. ஆனால் அது நோக்கும் திசை மாறியிருக்கின்றதா?

அரிசோனா மாநிலத்தின் தெற்கே மெக்சிக்கோ எல்லையில் பரந்து கிடக்கும் சோனோராப் பாலைவனத்தை எடுத்துக்கொள்வோம். வேலை தேடியும் உயிருக்கு அஞ்சியும் வடக்கே செல்லும் ஏழை மக்கள் இப்பாலைவனத்தைத் தாமாக விரும்பித் தேர்ந்தவர்கள் அல்லர். 1993இல் எல் பாசோ நகரிலும் 1994இல் சான் டியாகோ நகரிலும் மக்கள் வழமையாகக் கடந்துவந்த இடங்களை எல்லைக் காவலர் அடைத்தனர். இவ்வாறு தடுக்கப்படுவோர் கடத்தற்கரிய நிலப்பரப்புகளுக்குள் தள்ளப்படுவர் என்றும், அங்கே அவர்களை மடக்குவது தமக்கு வாய்ப்பானது என்றும் 1994ஆம் ஆண்டின் எல்லைக் காவற்படைத் திட்டம் கணக்கிட்டே எழுதியது. பாலை தனக்கென ஒரு நிலம் உடையதன்று, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டவிடத்துத் தோன்றுவது என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். சோனோரா இயற்கையாகவே பாலைவனந்தான். ஆயினும் தொஹோனோ ஓதாம் மக்கள் மழைவெள்ளத்தைத் தேக்கிப் பயிர்செய்து நெடுங்காலம் வாழ்ந்த அந்நிலம் கொலைக்களமாகத் திரிந்தமைக்கு வெயில் மட்டுமே காரணமன்று. திட்டமிட்ட அரச கொள்கையே முதற்காரணம்.

அங்கே பார்வைக்குப் பஞ்சமில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 2006இல் போயிங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட 'மெய்ந்நிகர் வேலி'த் திட்டம் ஏறத்தாழ 100 கோடி டொலரை விழுங்கி, அரிசோனாவில் 53 மைல் தூரத்தை மட்டுமே கண்காணித்த நிலையில் 2011இல் கைவிடப்பட்டது. ஆனால் கோபுரங்கள் நின்றுவிடவில்லை. 2014இல் இஸ்ரேலிய எல்பிட் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குப் புதிய ஒப்பந்தம் கிடைத்தது. 2019இல் ஓதாம் மக்களின் ஒதுக்கப்பட்ட நிலத்துள்ளும் கோபுரம் அமைக்க வழி பிறந்தது. றேடாரும் வெப்பக் கமராவும் இரவுபகலாக விழித்திருக்கும் இந்நிலத்தில் 1990 முதல் 4,000க்கும் மேற்பட்டோரின் உடல் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. எவரும் பாராமையால் இவர்கள் இறந்தனர் என்று எவ்வாறு கூறமுடியும்? அவ்வாறிருக்க, மேலும் ஒரு கமராவைக் கொண்டுபோய் அதே திசையில் நிறுத்துவதால் யாருக்கு என்ன பயன்?

இக்கலையின் தனிச்சிறப்பாகப் பேசப்படுவது, மனிதனையும் விலங்கையும் ஒரே சட்டகத்துள் கொணர்வது. ஒரே தடத்தில், ஒரே கமராவின் முன் முன்னிரவில் ஒரு மான் செல்கிறது. பின்னிரவில் முதுகில் மூட்டையுடன் ஒருவன் செல்கிறான். இரண்டும் 'அசைவு' என்று பெயர் பெறுகின்றன. இயற்கைக்கு எல்லைகள் இல்லை என்ற இனிய முடிவுக்குப் பார்வையாளர் வந்துசேர்கின்றனர். மான் நீரைத் தேடிப் போகிறது. மனிதனோ கூலியைத் தேடிப் போகிறான். கூலிக்கு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை உதிர்த்துவிட்டு எஞ்சும் வெறும் அசைவையே கோபுரத்தின் றேடாரும் காண்கிறது.

தூசோன் நகருக்கு அண்மையிலுள்ள மலைகளில் 2011 முதல் 2015 வரை ஓர் ஆண் ஜகுவார் திரும்பத் திரும்பக் கமராக்களில் பதிந்தது. அதன் உடற்புள்ளிகளை ஒப்பிட்டு ஒரே விலங்கென்று உறுதி செய்தனர். பாடசாலைப் பிள்ளைகள் அதற்கு 'எல் ஹேஃபே', அதாவது தலைவன், என்று பெயரிட்டனர். 2021இல் அதே விலங்கு எல்லைக்குத் தெற்கே படத்தில் தென்பட்டபோது, அது உயிருடன் இருப்பது கண்டு பலர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஆயின் மேற்சொன்ன எச்சங்களுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்னும் பெயரறியப்படாதவை.

மனிதனும் விலங்கும் அங்கே உண்மையாகவே பகிர்ந்துகொள்ளும் ஒன்று உண்டு. எல்லைத் தடுப்புகளைக் கட்டுவதற்கு இடையூறான எந்தச் சட்டத்தையும் விலக்கிவைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலாளருக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழங்கியது. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டமும், பூர்வகுடிகளின் புதைகுழிகளைக் காக்கும் சட்டமும் அவ்வதிகாரத்தினாலேயே ஒதுக்கப்பட்டன. 30 அடி உயர உருக்குத் தூண்கள், இடையே நான்கு அங்குல வெளி, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொப்பித் தாளளவே ஆன துவாரங்கள்: சிற்றுயிர்களுக்கு அரசு விட்டுவைத்த வழி இவ்வளவே. ஜகுவார் இத்துவாரத்துள் நுழையாது. இருவரையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்திய கை ஒன்றே. அக்கை எந்தத் தடத்தோரக் கமராவிலும் விழுவதில்லை.

வெப்பக் கமராவின் சார்பில் வேறொரு வாதம் வைக்கப்படுகிறது. அயர்லாந்துக் கலைஞர் றிச்சர்ட் மொஸ் 30 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மனித உடலையும் கண்டறியும் இராணுவக் கமராவைக் கொண்டு சகாராவிலும் மத்தியதரைக் கடற்பரப்பிலும் அகதிகளைப் படம்பிடித்து, 2017இல் இலண்டனில் காட்சிப்படுத்தினார். அவருக்குப் பெரும் பரிசும் கிட்டியது. இக்கருவி தோலின் நிறத்தை அறியாது, முகத்தை அடையாளங் காட்டாது, ஆகவே அகதிக்குத் தீங்கில்லை என்பர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. முகத்தைக் காட்டிக்கொடுப்பது காவலனுக்குச் செய்யும் ஊழியமாகிவிடும். எனினும் முகத்தை மறைக்குமாறு ஒருவன் கேட்பது வேறு; கேளாமலே அவனை வெண்ணிற வெப்ப உருவாக்கிச் சுவரில் மாட்டுவது வேறு. அருகே சென்று அனுமதி கேட்டுப் பேசவேண்டிய கடமையிலிருந்து கலைஞனை விடுவிப்பது அந்த 30 கிலோமீற்றர் தூரமே.

அப்படியாயின் கமராவே வேண்டாமா? வேண்டும். 'இனி மரணங்கள் வேண்டாம்' என்ற பொருள்படும் பெயருடைய அரிசோனாத் தொண்டர் அமைப்பினர் பாலைவனத் தடங்களில் குடிநீர்க் கலன்களை வைத்துவருபவர்கள். கலன்கள் சிதைக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டு அவர்கள் கமராவை மறைத்துவைத்தார்கள். சீருடை அணிந்த எல்லைக் காவலர் அக்கலன்களைக் காலால் உதைத்துத் தள்ளுவது அதில் பதிந்தது. விலங்குகளைப் படம்பிடிக்கும் அதே மலிவான கருவிதான். கலைநயம் எதுவும் இல்லை, சட்டகங்கூட ஒழுங்காக அமையவில்லை. இத்தகைய காட்சிகளை ஓர் அறிக்கையோடு 2018 ஜனவரி 17ஆந் திகதி அவ்வமைப்பினர் வெளியிட்டனர். அன்றைய தினமே, ஆஹோ என்னும் சிற்றூரில் தொண்டர்கள் தங்கும் கட்டடமொன்றைத் தூரத்திலிருந்து நோட்டமிட்டிருந்த காவலர், அவ்வமைப்பைச் சேர்ந்த புவியியலாளர் ஸ்கொட் வொரனைக் கைதுசெய்தனர். மத்திய அமெரிக்க நாட்டினர் இருவருக்கு உணவும் நீரும் உறங்க இடமும் கொடுத்தார் என்பதே குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் யூரிமார் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அரசு மீண்டும் வழக்காடியது. 2019 நவம்பரில் இரண்டாவது யூரி சபை அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது.