கண்டுபிடிக்கும் கூலி

கைமாறி வந்த கார். சாவியைத் திருப்பினால் பத்தில் ஒன்பது முறை ஸ்டார்ட் ஆகிறது. பத்தாவது முறை அசைய மறுக்கிறது. கால் மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களின் பணத்தை இந்த வந்து வந்து போகும் கோளாறு அளவுக்கு விழுங்குவது வேறொன்றுமில்லை. முதலில் பேட்டரி மாறும். மூன்று வாரம் நிம்மதி; பிறகு பழைய கதை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றுவார்கள். அதன் பின் ரிலே, அதன் பின் இக்னிஷன் சுவிட்ச். பழைய பாகங்கள் டிக்கியில் சேர்ந்துகொண்டே போக, கோளாறு மட்டும் போகாமல் இருக்கும். விற்றவர் ஏமாற்றிவிட்டார், மெக்கானிக்குக் கைராசி போதாது என்று இதற்குக் காரணம் சொல்லிக்கொள்கிறோம். இரண்டிலும் சில நேரம் உண்மை இருக்கலாம். ஆனால் இந்தச் செலவின் வேர், பாகத்துக்குப் பணம் கொடுக்கும் நாம் கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பணம் கொடுப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப் பில் எதையாவது எடுத்துப் பாருங்கள். பொருளின் விலை இருக்கும், அதை மாட்டிய கூலி இருக்கும். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வயராக அளந்து, கடைசியில் என்ஜினுக்குப் போகும் எர்த் வயரின் போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு என்ன கொடுப்போம்? ஒரு போல்ட்டை முடுக்கியதற்கு இவ்வளவா என்று கேட்டுவிட்டு, நூறு ரூபாயை நீட்டுவோம். அதே மனிதர் எதையும் அளக்காமல், ‘பேட்டரி போயிடுச்சுங்க’ என்று சொல்லியிருந்தால் புதுப் பேட்டரிக்கு ஐந்தாயிரம் கொடுத்திருப்போம். அதில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கும். யோசிப்பவருக்கு நஷ்டமும் ஊகிப்பவருக்கு வருமானமும் தரும் ஏற்பாட்டை நாமே செய்துவைத்திருக்கும்போது, பட்டறையில் ஊகம் பெருகுவதற்கு மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

மற்ற கோளாறுகளுக்கு ஊகம் ஓரளவு ஒத்துவரும். பிரேக் தேய்ந்தால் கிரீச்சிடும், டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டார்ட்டிங் கோளாறு அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அங்கே நடப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு. சிறிய பெட்ரோல் காரில்கூட செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடியில் 100 முதல் 200 ஆம்பியர் மின்சாரம் பாய்கிறது. பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியோ தளர்ந்த கிளாம்போ வெறும் 0.02 ஓம் தடையை உண்டாக்கினால் போதும். 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஓர் இணைப்பிலேயே 3 வோல்ட் தொலைந்துவிடும். மிச்சமிருக்கும் அழுத்தத்தில் மோட்டார் திணறும், அல்லது ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். அதே இணைப்பு வழியாக ஹெட்லைட்டுக்குப் போவது பத்து ஆம்பியருக்கும் குறைவு. அங்கே இழப்பு 0.2 வோல்ட்டைத் தாண்டாது, விளக்கு பளிச்சென்று எரியும். ‘லைட் நல்லாத்தானே எரியுது, அப்ப பேட்டரி பக்கம் கோளாறு இல்லை’ என்று நம்பி வேறு இடத்தில் தேடப் போகிறவர்கள் வழிதவறுவது இங்கேதான். அந்தத் தடையும் நிலையானதல்ல. என்ஜின் சூட்டில் உலோகம் விரிகிறது, குளிர்ந்தால் சுருங்குகிறது, மேடு பள்ளத்தில் குலுங்குகிறது. இணைப்பு ஒரு நேரம் பிடிக்கிறது, ஒரு நேரம் விடுகிறது. வண்டி ஒன்பது முறை ஓடிப் பத்தாவது முறை மறுப்பதில் மர்மம் ஏதுமில்லை.

‘ஆனால் பேட்டரி மாற்றியதும் சரியானதே’ என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊர் வெயிலில் பேட்டரியின் ஆயுள் குறைவு; நான்கு வயதான பேட்டரியைச் சந்தேகிப்பதில் தவறில்லை. ஆனால் பேட்டரியை மாற்றும்போது கூடவே வேறென்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு டெர்மினல்களும் கழற்றப்படுகின்றன, தேய்க்கப்படுகின்றன, புதிதாக முடுக்கப்படுகின்றன. கோளாறு அந்த இணைப்பில் இருந்திருந்தால், அதைத் தற்காலிகமாகச் சரிசெய்தது பத்து ரூபாய் உப்புத்தாள். பெயர் வாங்கியது ஐந்தாயிரம் ரூபாய் பேட்டரி. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டும்போதும் இதே கதைதான்: அதன் எர்த்தும் வயர் முனையும் புதிதாக இறுக்கப்படுகின்றன. சில வாரங்களில் இணைப்பு மறுபடி தளரும்போது, ‘புது பேட்டரியே சரியில்லை’ என்ற அடுத்த தவறான முடிவுக்கு வருகிறோம். பாகத்தை மாற்றியபின் வண்டி ஓடியது என்பது அந்தப் பாகம்தான் கெட்டிருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த ஒரு குழப்பத்தால் தமிழ்நாட்டில் எத்தனை நல்ல பேட்டரிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனம் கசக்கிறது.

கண்டுபிடிப்பது என்ற வேலை கேள்விகளில் தொடங்குகிறது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா, ஒரே ஒரு ‘டக்’கா, ‘டக் டக் டக்’ என்று படபடக்கிறதா, அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பற்றவில்லையா? நான்கும் நான்கு வேறு இடங்களைக் காட்டுகின்றன. சத்தமே இல்லையென்றால் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் மிதியின் அடியில் இருக்கும் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச் என்று தேட வேண்டும். படபடப்பு கேட்டால் பெரும்பாலும் மின்னழுத்தம் போதவில்லை என்று பொருள். செல்ஃப் மோட்டாரைத் தட்டினால் ஓடுகிறதென்றால் உள்ளே பிரஷ்ஷோ சாலினாய்டின் செம்புத் தொடுமுனையோ தேய்ந்திருக்கலாம். சுற்றியும் பற்றவில்லை, அதுவும் என்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும்தான் என்றால் கிராங்க் சென்சார் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். அப்போது பேட்டரியை மாற்றுவது கண்வலிக்குக் காலில் கட்டுப்போடுவதற்குச் சமம். இவற்றுக்கான விடைகள் வண்டி வைத்திருப்பவரிடம்தான் இருக்கின்றன. காலையிலா மாலையிலா, மழைக்குப் பிறகா, இரண்டு நாள் நிறுத்திவைத்த பிறகா, டாஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னியதா என்று தேதியோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்தது.

அடுத்தது அளவு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான கார்களில் டைனமோ சார்ஜ் செய்கிறது என்று கொள்ளலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மீட்டரின் ஒரு முள்ளையும் என்ஜின் உடம்பில் இன்னொன்றையும் வைத்துச் செல்ஃப் அடித்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது எர்த் பாதையில் தடை இருப்பதைச் சொல்லும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மல்டிமீட்டரே இதற்குப் போதும். வண்டி மறுக்கும் அந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்பதுதான் சிரமம்; அது கேட்பது பொறுமை, பட்டறையில் ஒரு ராத்திரி தங்கல், அதற்கான கூலி.

செகண்ட் ஹேண்ட் காருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கம்பெனி மாட்டிய வயர்களோடு முந்தைய உரிமையாளர்கள் மாட்டியவையும் சேர்ந்தே வருகின்றன: ரிமோட் லாக், திருட்டு அலாரம், பாட்டுப் பெட்டி, கேமரா, எங்கோ ஒளித்துவைத்த ஜிபிஎஸ். இன்சுலேஷன் டேப் சுற்றிய இந்த ஒட்டுகளில் சில நேராக ஸ்டார்ட்டர் வழியில் குறுக்கிடுகின்றன. அலாரத்தின் ரிலே ஒன்று ஒட்டிக்கொண்டால் செல்ஃப் அடிக்காது. மற்றவை வண்டி நிற்கும்போதும் மின்சாரம் குடிக்கின்றன. நிற்கும் காரில் 50 மில்லி ஆம்பியர் வரை கசிவது இயல்பு. அது 300 ஆனால் ஒரு நாளில் 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போய்விடும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றே நாளில் தளர்ந்துவிடும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவருக்குத் தெரியும்.

ஸ்கேனர் வந்துவிட்டதே, அது சொல்லிவிடாதா என்பது இன்னொரு வாதம். ஸ்கேனர் நல்ல கருவி. இம்மொபைலைசர் சாவியை அடையாளம் காணவில்லை, கிராங்க் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்பதையெல்லாம் அது சொல்லும். ஆனால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடிமனான கேபிளையும் எர்த் போல்ட்டையும் பெரும்பாலான கார்களின் கணினி கண்காணிப்பதில்லை. அங்கே தடை ஏற்பட்டால் ஸ்கேனரில் ஒரு கோடும் பதிவாகாது. ‘ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை’ என்பது தேடல் தொடங்க வேண்டிய இடம். அதைத் தேடலின் முடிவாக ஏற்றுக்கொள்கிறோம்.

வந்து போகும் கோளாறை அலட்சியம் செய்வதன் உச்சகட்ட விலையை உலகம் 2014-ல் பார்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இக்னிஷன் சுவிட்ச் குறைக்காக ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சுவிட்சுக்குள் இருந்த சிறிய உலோக முளையும் அதன் ஸ்பிரிங்கும் போதிய பிடிப்பு இல்லாதவை. குலுக்கலிலோ சாவிக்கொத்தின் கனத்திலோ சாவி நழுவி, ஓடும் வண்டி அணைந்தது, ஏர்பேக் விரியவில்லை. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பணம் வழங்கியது. நிறுவனத்துக்குள் இது நெடுநாள் வாடிக்கையாளரின் வசதிக் குறைவு என்ற கணக்கில்தான் வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2010-ல் இறந்த ஒரு பெண், தன் கார் தானாக அணைகிறது என்று அதற்குச் சற்று முன்புதான் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். உண்மையை வெளியே கொண்டுவந்தவர் மார்க் ஹூட் என்ற பொறியாளர். அந்தப் பெண்ணின் பெற்றோருக்காக வாதாடிய வழக்கறிஞர் அவரை அமர்த்தியிருந்தார். புதிதாக வாங்கிய சுவிட்சையும் விபத்துக் காரின் சுவிட்சையும் பிரித்து வைத்து அளந்தார் ஹூட். பாக எண் ஒன்றே. ஆனால் உள்ளே முளையின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபட்டது. சத்தமில்லாமல் பாகத்தை மாற்றியிருந்தார்கள். அந்த ஒன்றரை மில்லிமீட்டரைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. நம் ஊர் ஸ்டார்ட்டிங் கோளாறு எல்லாம் உயிர் போகும் விஷயம் என்று நான் சொல்லவில்லை. வழக்கமான ஊகத்துக்கும் அளந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

இருப்பதையெல்லாம் திரட்டி இரண்டு லட்சத்துக்குக் கார் வாங்கியவரிடம், கண்டுபிடிக்கவும் தனியாகக் காசு கொடு என்பது கொடுமையில்லையா என்று கேட்கலாம். வசதி குறைந்தவரைத்தான் ஊகம் அதிகமாகச் சுரண்டுகிறது. தேவையில்லாத ஒரு பேட்டரியின் விலையில் ஒரு நாள் தேடலுக்குக் கூலி கொடுத்து மிச்சமும் பிடிக்கலாம். தேடியும் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டால் என்ன செய்வது என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதற்கு வழி, அளந்ததை எழுதி வாங்குவது. எந்த இடத்தில், எந்த நிலையில், எத்தனை வோல்ட் என்று எழுதிய தாள் கோளாறு அகப்படாத நாளிலும் வீண்போகாது. அடுத்த மெக்கானிக் அங்கிருந்து தொடங்கலாம். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் ஆய்வகத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை நாம்.

விற்றவர்தானே இந்தச் செலவை ஏற்க வேண்டும் என்பவர்களோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 16-ஆம் பிரிவில், அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் தர வேண்டும் என்கிறது. வாங்குபவர் பார்த்து வாங்கியிருந்தால், அப்படிப் பார்த்தபோது தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டெஸ்ட் டிரைவில் தலைகாட்டாத கோளாறு அந்த விலக்குக்குள் வராது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. ஆனால் அந்தச் சட்டமும், சோதனையில்லாமல் தீர்மானிக்க முடியாத குறை என்றால் பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறது. ‘சில நேரம் ஸ்டார்ட் ஆகலைங்க’ என்ற வாய்வார்த்தையோடு ஆணையத்தில் நிற்பவரை, ‘எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தான் ஓடுச்சு’ என்ற ஒரு வரியால் வியாபாரி மடக்கிவிடுவார். தேதியிட்ட குறிப்பும், ஒர்க்‌ஷாப் கையெழுத்திட்ட அளவுத் தாளும், வண்டி மறுத்த நேரத்தில் எடுத்த வீடியோவும் கையில் இருந்தால் பேச்சு வேறு. பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றித் தள்ளியவரோ சாட்சியத்தையும் சேர்த்தே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்றிதழ் பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளின் அக்கறை பெரும்பாலும் வண்டி யாருடையது, எங்கே ஓடுகிறது என்பதில் நிற்கிறது. அங்கீகாரத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்கலாம்: விற்கும் ஒவ்வொரு காருக்கும் அரைப்பக்கச் சீட்டு. ராத்திரி நின்ற வண்டியின் வோல்ட், குளிர்ந்த நிலையில் செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, ஓடும்போது எத்தனை, நிற்கும்போது கசியும் மின்சாரம், பிற்பாடு மாட்டிய சாதனங்களின் பட்டியல், அளந்தவரின் கையெழுத்து, அளந்ததற்கு அவர் வாங்கிய கூலி. பயிற்சி பெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அது காலையில் ஒரு மணி நேர வேலை.