விளையாட்டுக் கடையில் போன பணம் வீடு திரும்புமா?

சகோதரிகளே, நம் திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். முன்பெல்லாம் கவரில் வரும். முந்தானையில் முடிந்துகொண்டு நேரே மளிகைக் கடைக்கு நடப்போம். இப்போது பல பனியன் கம்பெனிகளில் சம்பளம் பாங்க்கில் விழுகிறது. பாங்க் செல்போனுக்குள் இருக்கிறது. செல்போனோ ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிள்ளைகள் கையில் இருக்கிறது! பிறகு திங்கட்கிழமை காலையில் இருப்பைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டால் ஆச்சரியம் உண்டா?

கொஞ்ச நாட்களாக இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில், ஊறுகாய் பூசணம் பிடிக்கிறது, குழந்தைக்குச் சளி விடவில்லை என்பவற்றுக்கு அடுத்தபடியாக இந்த விஷயம்தான் வருகிறது. “கேம்ல பணம் போயிடுச்சு, யாரைக் கேட்பது?” என்று. சரி, இந்தத் தடவை அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விளையாட்டில் ஏது கடை என்று கேட்கும் மாமியார்மார்களுக்காக ஒரு வார்த்தை. விளையாட்டு இலவசம்தான். ஆனால் உள்ளே போனால் துப்பாக்கிக்கு வர்ணம், பொம்மைக்குச் சட்டை என்று கடை விரித்திருப்பார்கள். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் அதற்கு டைமண்ட் வேண்டும், பி.ஜி.எம்.ஐ.யில் யூ.சி. வேண்டும். அந்த டைமண்டை நம் நிஜப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். சில ரூபாயில் தொடங்கி ஆயிரக்கணக்கு வரை போகும். பணத்தைப் பெரும்பாலும் வாங்குவது கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் போன்ற பெரிய கடைகள். விளையாட்டைச் செய்தவன் ஒருவன், கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் இன்னொருவன். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி, செக்கிங் வேலைக்குப் போகிறவள். ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தால் கண் மங்கிவிடும், போனில் சின்ன எழுத்து தெரியாது. ஆகையால் கரண்ட் பில், கேஸ் எல்லாம் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன்தான் கட்டுவான். யு.பி.ஐ. பின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். ஒரு நாள் அவள் ஓடி வந்தாள். “அக்கா, ஆரோ பணத்த எடுத்துட்டாங்கக்கா. பாங்க்குல சொல்லோணும், கூட வாங்கக்கா.” நாலு தடவையாக 3,160 ரூபாய். அவளுக்கு ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேலே. பையன் கதவோரம் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. “நாந்தானுங்க பெரியம்மா,” என்றான், அவளிடம் அல்ல, என்னிடம்.

அவள் கை ஓங்கியபோது நான் குறுக்கே நின்றேன். அதைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2021 ஜூலையில் மத்தியப் பிரதேசம் சத்தர்பூரில் 13 வயதுப் பிள்ளை ஒருவன், ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் 40,000 ரூபாய் போன பிறகு உயிரையே விட்டுவிட்டான். பணம் போன செய்தி தாயின் போனுக்கு வந்து, அவர் அவனிடம் கேட்டிருக்கிறார். எல்லா அம்மாக்களும் கேட்பதைத்தான் கேட்டிருப்பார். ஆகையால் முதல் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். “என்ன வாங்கினே, எப்ப வாங்கினே, காட்டு சாமி” என்று பக்கத்தில் உட்கார வையுங்கள். கணக்குக் கேட்பதற்கும் அவன்தானே நமக்கு வேண்டும்!

அடுத்து, கோபத்தில் அந்த விளையாட்டைப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். வாங்கியதெல்லாம் அதற்குள் இருக்கிறது. இருக்கிற டைமண்டைச் செலவழிக்கவும் விடாதீர்கள். செலவழித்த டைமண்டுக்குப் பணம் கேட்பது, உடுத்தித் துவைத்த புடவையை ஜவுளிக்கடையில் திருப்பிக் கொடுக்கப் போவது மாதிரிதான். கடைக்காரன் முகம் சுளிப்பான்.

பிறகு பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றை எழுதுங்கள்: தேதியும் நேரமும், தொகை, ஆர்டர் எண். கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் ரசீது நம் ஈமெயிலுக்கு வந்திருக்கும். அதில் ஆங்கில எழுத்து ஜி.பி.ஏ. என்று தொடங்கும் நீளமான எண்தான் ஆர்டர் எண். யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அதற்கென்று 12 இலக்க எண் ஒன்று தனியாக உண்டு. கடைக்காரன் முதல் எண்ணைக் கேட்பான், பாங்க்காரர் இரண்டாவது எண்ணைக் கேட்பார். இரண்டையும் மாற்றிச் சொல்லித்தான் பலர் அலைகிறார்கள்.

கெடு முக்கியம். கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் நேரே அவர்கள் பக்கத்திலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அது தாண்டினால் விளையாட்டைச் செய்த கம்பெனிக்கு எழுத வேண்டும். நமக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் நம் கணக்கில் வாங்கியிருந்தால் 120 நாள் வரை கூகுளிடம் புகார் செய்யலாம். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்களுக்கு, குறை சொல்வதற்கென்றே தனிப் பக்கம் இருக்கிறது. எந்தக் கணக்கில் வாங்கினார்களோ அதே கணக்கில் நுழைய வேண்டும். காலேஜ் போகும் பையன்கள் கம்ப்யூட்டரில் விளையாட வாங்குகிறார்களே, ஸ்டீம் என்ற கடை, அங்கே வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் கேட்ட பணம் திரும்பும்.

என்ன எழுதுவது என்று தயங்க வேண்டாம். அழுகையும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அந்தத் தங்கச்சிக்காக நான் சொல்லச் சொல்ல, அவள் மகனே ஆங்கிலத்தில் அடித்தான். சாரம் இதுதான்: “இன்ன தேதி இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில், என் 12 வயது மகன் எனக்குத் தெரியாமல் என் போனில் நாலு முறை வாங்கியிருக்கிறான். ஆர்டர் எண்கள் கீழே. மூன்றில் வாங்கிய டைமண்ட் செலவாகவில்லை. பணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன். இனி வாங்க முடியாதபடி பாஸ்வேர்டு வைத்துவிட்டேன்.” அவ்வளவுதான். மூன்று வாங்கல்களுக்குப் பணம் வந்தது. செலவழித்துவிட்ட நாலாவதற்கு வரவில்லை. வந்ததே பெரிசு என்று விட்டுவிட்டாள்.

இதில் ஒரு பொய் எல்லோருக்கும் நாக்கு நுனியில் வரும். “யாரோ திருடிட்டாங்க” என்று எழுதிவிடலாமே என்று. வேண்டாம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட உத்தரவுப்படி, நம் பக்கமும் பாங்க் பக்கமும் தப்பில்லாமல் வெளியாளால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் பின் நம்பரை நாமே கொடுத்திருந்தால், பாங்க்கில் சொல்லும் வரை போனது நம் கணக்கில்தான். நம் போனிலிருந்து, நம் பின் அடித்து, நம் வீட்டிலிருந்தே போன பணம் என்பது அவர்கள் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று. கடையைக் கேட்காமல் முதலிலேயே பாங்க் வழியாகப் பணத்தை மறுத்துத் திரும்பப் பிடுங்கினால், கடைக்காரன் அந்த விளையாட்டுக் கணக்கையே பூட்டிவிடலாம். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எப்பிக் கேம்ஸ் மேல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் சாட்டிய குற்றங்களில் இதுவும் ஒன்று. கார்டு கம்பெனியிடம் முறையிட்டவர்களின் கணக்கைப் பூட்டி, காசு கொடுத்து வாங்கியிருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்பது புகார். 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி பணம் திருப்புவதற்காக மட்டும் 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 2014-இல், குழந்தைகள் தெரியாமல் வாங்கியதற்காக ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரும், கூகுள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரும் பெற்றோர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. “நம்ம புள்ளதான் இப்படி” என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். உலகம் பூராவும் பிள்ளைகள் அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கத் தோன்றும் இடத்தில் அதை வைத்தவர்கள் பெரியவர்கள். நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30-இல், ஆன்லைன் கடைகள் இப்படித் தந்திரமாகப் பொத்தான் வைத்து வாங்க வைப்பதைத் தடுக்க 13 வகை ஏமாற்றுகளைப் பெயர் சொல்லி விதி போட்டிருக்கிறார்கள்.

காசு போயிற்று, ஆனால் டைமண்ட் வரவில்லை என்பது வேறு வகை. இதில் பிள்ளையின் தப்பு ஒன்றும் இல்லை. ‘பெண்டிங்’ என்று காட்டினால் உடனே இரண்டாவது தடவை கட்டாதீர்கள். யு.பி.ஐ.யில் நம் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், அடுத்த ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் பாங்க் தர வேண்டும் என்பது 2019 செப்டம்பர் 20-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. கேட்டால்தான் கொடுப்பார்கள் என்று இருக்காதீர்கள், தானாகவே கொடுக்க வேண்டியது. பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாங்க் சொன்னால், அந்த 12 இலக்க எண்ணோடு கடைக்கு எழுதுங்கள். பையன் வேறொருவனுடைய விளையாட்டு எண்ணை அடித்துவிட்டிருந்தால் மட்டும் கஷ்டம்தான்.

கடை வாயே திறக்கவில்லையா? 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு ஆன்லைன் கடையும் குறைதீர் அதிகாரி ஒருவரை வைத்து, அவர் பெயரைப் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கம்பெனி வெளிநாட்டில் இருந்தாலும் நம் நாட்டு மக்களிடம் வழக்கமாக வியாபாரம் செய்தால் இது பொருந்தும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டதும் கொடுக்கும் புகார் எண்ணையும் அதே நோட்டில் எழுதுங்கள். பாங்க் மேல்தான் குறை, அவர்கள் 30 நாளாகியும் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். விவரம் கேட்க 14448. விளையாட்டுக் கடையைப் பற்றி அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

கடைசிப் படி, நம் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஆனால் 300 ரூபாய்க்கு வேலையை விட்டு நாலு வாய்தா அலைவதா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2020-இல் பஞ்சாபில் ஒரு பையன் பப்ஜியில் 16 லட்சம் செலவழித்தான் என்று பத்திரிகைகளில் வந்ததே, அந்த மாதிரித் தொகை என்றால் வேறு கதை.

இதெல்லாம் வராமல் இருக்க, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி கடையில் வைத்துவிடலாம். சிறு பிள்ளைக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்கில் தனிக் கணக்குத் தொடங்கினால், அவன் கேட்டு நாம் சம்மதித்தால்தான் வாங்க முடியும். சம்பளம் விழும் கணக்கை விட்டுவிட்டு, ஐந்நூறு ரூபாய் மட்டும் கிடக்கும் இன்னொரு கணக்கை யு.பி.ஐ.யில் இணைத்து வைத்திருக்கும் கெட்டிக்காரிகளும் நம் ஊரில் உண்டு. பின் நம்பரை மாற்றினால் பிள்ளை பிறந்த வருஷத்தை மட்டும் வைக்காதீர்கள், அதைத்தான் அவன் முதலில் அடித்துப் பார்ப்பான்.

ரம்மி, பந்தயம் என்று காசு வைத்து ஆடும் ஆட்டங்களை இதோடு சேர்க்காதீர்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அவற்றுக்குச் சட்டம் போட்டே தடை விதித்துவிட்டது. ‘போட்ட பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று அதன் பெயரில் யாராவது போன் செய்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

பாதி விலைக்கு டைமண்ட் தருகிறோம், பெரிய லெவல் போன ஐ.டி. விற்கிறோம் என்று வாட்ஸப்பில் வருகிறவர்களிடம் ஏமாந்திருந்தால், அது கடை வழக்கே அல்ல, திருட்டு வழக்கு. கடைக்கு எழுதிக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் அதை அங்கேயே நிறுத்திவைக்க வழி இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து கூப்பிடலாம் என்று இருக்க வேண்டாம். சூப்பர்வைசரிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு, மெஷினை நிறுத்திவிட்டே கூப்பிடுங்கள்.