தக்ஷாவுக்கு இரண்டு செயற்கைக்கோள் ஏன் வேண்டும்?

2017 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, மாலை 6 மணி 11 நிமிடம். கொல்கத்தாவில் சூரியன் அப்போதுதான் மறைந்திருந்தது. நகரத்தின் தென்மேற்கு வானத்திலிருந்து காமா கதிர்கள் வந்து நம் தலைக்கு மேலே காற்றுமண்டலத்தின் உச்சியில் மோதின. ஏறக்குறைய இரண்டு வினாடி, அவ்வளவுதான். காற்று அவற்றை விழுங்கிவிட்டதால் தரையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் ஒன்றோடொன்று மோதிக் கலந்ததன் விளைவு அது. முதலில் ஈர்ப்பலை அமெரிக்காவின் லைகோ கருவிகளுக்கு வந்து சேர்ந்தது. 1.7 வினாடி கழித்து வந்த காமா கதிரை நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் பிடித்தது. பதினோரு மணி நேரத்துக்குள் சிலியில் இருக்கும் ஸ்வோப் தொலைநோக்கி அந்த இடத்தையே படமெடுத்துவிட்டது. தங்கமும் பிளாட்டினமும் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு நேரடிச் சான்று கிடைத்தது அன்றுதான்.

நம்முடைய வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டும் அந்த நேரம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்கும் அந்த மோதலுக்கும் நடுவே பூமி நின்றது. அதில் காமா கதிரைப் பிடிக்கும் சி.இசட்.டி.ஐ. கருவியில் ஒரு துடிப்புகூடப் பதியவில்லை. கணக்குத் துறையில் இதை 'நில்' அறிக்கை என்போம். அதுவும் ஓர் ஆவணம்தான். ஆஸ்ட்ரோசாட்டின் பார்வையில் இருந்த வானப்பகுதியில் வெடித்திருந்தால் அது பிடித்திருக்கும். பிடிக்கவில்லை என்பதால் அந்தப் பகுதியை அடித்துவிடலாம். ஃபெர்மி சந்தேகித்த வானப்பரப்பு இப்படியே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காணாமல் போனதையும் பயனுள்ள தகவலாக மாற்றிய நம் விஞ்ஞானிகளை நினைத்தால் எனக்குப் பெருமைதான். ஆனாலும் அடுத்த முறை நாம் பார்க்க வேண்டும்.

நான் விஞ்ஞானி இல்லை. கும்பகோணத்திலிருந்து ஏ.ஜி. பெங்கால் என்ற மாநிலக் கணக்காயர் அலுவலக வேலைக்காகக் கொல்கத்தா வந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் லேக் மார்க்கெட் பக்கமே தங்கிவிட்டேன். வானியல் எனக்கு இளமையிலிருந்தே உள்ள பித்து. இப்போது காலையில் செய்தித்தாளுக்கு முன்பாக நான் படிப்பது, உலகெங்கும் வானியலாளர்கள் இத்தகைய காமா கதிர் வெடிப்புகளைப் பற்றி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சுற்றறிக்கைகளை.

சி.இசட்.டி.ஐ. குழுவின் சுற்றறிக்கை ஒரு நல்ல வவுச்சரைப் போல் இருக்கும். வெடிப்பின் பெயர், உச்சம் தொட்ட நேரம், பின்னணி அளவுக்கு மேல் வினாடிக்கு எத்தனை துகள், எத்தனை வினாடி நீடித்தது, துணையாக உள்ள வீட்டோ கருவியிலும் தெரிந்ததா. ஒரு சொல் கூடுதலாக இருக்காது. கடைசியில் கருவியைக் கட்டிய நிறுவனங்களின் பட்டியல்: மும்பை டாடா ஆராய்ச்சிக் கழகம், திருவனந்தபுரம், பெங்களூரு, புனே, அகமதாபாத். அதில் கொல்கத்தா இல்லை.

ஆனால் இந்தக் கதையில் கொல்கத்தாவுக்கு இடம் உண்டு. 2009 ஜனவரியில் ரஷ்யா அனுப்பிய கோரோனாஸ் ஃபோட்டான் செயற்கைக்கோளில் ஆர்.டி.-2 என்ற இந்தியக் கருவித் தொகுதி இருந்தது. டாடா கழகத்தோடும் விக்ரம் சாராபாய் மையத்தோடும் அதில் தோள் கொடுத்தது, இங்கே கரியா பக்கம் சந்தீப் சக்ரவர்த்தி நிறுவிய இந்திய விண்வெளி இயற்பியல் மையம். அந்த ஆண்டு ஜூன் 18 அன்று நிகழ்ந்த ஒரு காமா வெடிப்பை ஆர்.டி.-2 பதிவு செய்தது. டிசம்பரில் மின்சாரக் கோளாறால் செயற்கைக்கோளே செயலிழந்தது. ஆனால் ஆர்.டி.-2 சுமந்து சென்ற அதே காட்மியம் துத்தநாக டெல்லுரைடுதான் பிறகு ஆஸ்ட்ரோசாட்டிலும் ஏறியது. பணம் வீணாயிற்று என்று அந்தக் கோப்பை மூடியிருந்தால் சி.இசட்.டி.ஐ. வந்திருக்காது.

காமா வெடிப்புகளை 1967-இல் முதலில் கண்டவை, அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள். இரண்டு வினாடிக்கு மேல் நீடிப்பவை ஒரு வகை, அதற்குள் முடிபவை வேறு வகை என்பது 1993-இல் தெளிவானது. நீண்டவை பெரும்பாலும் ராட்சத விண்மீன்களின் மரணம். குறுகியவை பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன் மோதல்கள்; அவைதான் சிரமமானவை. இமைப்பதற்குள் முடிந்துவிடும், வெடிப்புக்குப் பின் மிஞ்சும் பின்னொளியும் மங்கலாக இருக்கும், சீக்கிரம் அடங்கும். 2005 மே 9 அன்று நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஒரு நிமிட அளவில் தானாகத் திரும்பிப் பார்த்ததால்தான், முதன்முறையாக ஒரு குறு வெடிப்பின் எக்ஸ் கதிர்ப் பின்னொளி அகப்பட்டது. ஆகவே இந்தத் துறையில் வேகம் பாதி வெற்றி.

நமக்கு இல்லாதது அந்த வேகம்தான். சி.இசட்.டி.ஐ. இந்த வேலைக்கென்றே செய்யப்பட்டதல்ல. நேர் எதிரே பார்க்கும் கருவி அது. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அதன் பக்கச் சுவர்களைக் கதிர்கள் ஊடுருவிவிடுவதால் வானம் முழுவதற்கும் காவலாகிவிட்டது. இயக்கிய முதல் நாளே, 2015 அக்டோபர் 6 அன்று, ஒரு வெடிப்பைப் பிடித்தது. 2022 வாக்கில் 500-ஐத் தாண்டியது. ஆனால் வெடித்த கணமே கூவிச் சொல்லும் ஏற்பாடு அதில் இல்லை. தகவல் பெங்களூருக்கு அருகே பயலாலுவில் இறங்கி, சரிபார்க்கப்பட்டு, மாணவர்கள் தேடி எடுப்பதற்குள் மணிக்கணக்காகிவிடும். ஹான்லேயிலும் தேவஸ்தலிலும் நல்ல தொலைநோக்கிகள் இருக்கின்றன, புனேக்கு அருகே ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்ற முதல் செய்திக்கு இவை அனைத்தும் பெரும்பாலும் அயல்நாட்டுச் செயற்கைக்கோள்களையே நம்பியிருக்கின்றன.

அந்தச் செயற்கைக்கோள்களுக்கும் வயதாகிறது. ஸ்விஃப்ட் 2004-இல் போனது, ஃபெர்மி 2008-இல் போனது. ஸ்விஃப்ட்டின் பாதை தாழ்ந்துகொண்டே வருவதால் அதை மேலே தூக்கிவிட 2025-இல் நாசா ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. ஐந்தாண்டுக்கென்று திட்டமிட்ட ஆஸ்ட்ரோசாட் பத்தாண்டைக் கடந்துவிட்டது. சீனா 2024-இல் மட்டும் இந்த வேலைக்காக இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பியது. ஒன்றை பிரான்சோடு சேர்ந்து செய்தது.

நம் கையில் இருப்பது தக்ஷா. மும்பை ஐ.ஐ.டி.யின் வருண் பலேராவ் தலைமையில், டாடா கழகம் உள்ளிட்ட பல நிறுவனங்கள் சேர்ந்து வரைந்த திட்டம். பூமிக்கு இருபுறமும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு செயற்கைக்கோள்கள். வெடித்ததும் தானே கண்டுகொண்டு தரைக்குச் செய்தி அனுப்பும். ஆண்டுகள் பல ஆகியும் அது இன்னும் முன்மொழிவாகவே இருக்கிறது.

நிதித் துறையில் யாராவது ஒருவர் ஓரத்தில் எழுதுவார்: 'ஒன்று போதாதா?' அப்படி எழுதும் பழக்கம் எனக்குத் தெரியும், நானும் அதுபோன்ற மேசையில் உட்கார்ந்தவன். இந்தக் கோப்பில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் எந்தச் செயற்கைக்கோளுக்கும் வானத்தில் சுமார் 30 விழுக்காட்டை பூமியே மறைத்துவிடும். ஒன்றுக்கு மறைவது மற்றதற்குத் தெரியும் என்பதுதான் திட்டத்தின் உயிர். ஒன்றை வெட்டினால் மிச்சமாவது பணம், போவது திட்டம்.

ஆஸ்பத்திரியில் மருந்தில்லாத நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களை நான் மதிக்கிறேன். இந்த மாநிலத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இருப்புப் பதிவேடுகளைப் புரட்டியவன் நான். மருந்து அலமாரி காலியாக இருந்த இடங்களில், ஒதுக்கிய தொகை செலவழியாமல் மார்ச் 31 அன்று திருப்பி ஒப்படைக்கப்பட்டிருந்ததைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். அந்தப் பணத்தை எந்தத் தொலைநோக்கியும் கொண்டுபோகவில்லை. ஆஸ்ட்ரோசாட்டுக்கு ஆன மொத்தச் செலவு 178 கோடி ரூபாய். செலவழித்த ரூபாயில் தவறிருந்தால் தணிக்கையாளர் எழுதுவார். செலவழியாமல் போன தொகையையும் எழுதுவார். ஆனால் உரிய காலத்தில் செலவழிக்காததால் வந்த நஷ்டம் முழுவதும் எந்தத் தணிக்கைக் குறிப்பிலும் ஏறாது.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியாவுக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 2,600 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. 2030 வாக்கில் அதை இயக்கிவிடுவது திட்டம். நியூட்ரான் விண்மீன் மோதலின் ஈர்ப்பலையை அது பிடிக்கும். காமா கதிரைப் பிடிக்க அதனால் முடியாது. அதற்குரிய செயற்கைக்கோளைக் கட்டவும் சோதிக்கவும் ஏவவும் ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆகையால் தக்ஷாவுக்கு முழு ஒப்புதலும் இரண்டு செயற்கைக்கோளுக்கும் உரிய நிதியும் வருகிற பட்ஜெட்டிலேயே வர வேண்டும்.