அப்பா பேரு சர்நேம் இல்லீங்க ஆபீசர்!

வெளிநாட்டுல குப்பை கொட்டுற நம்ம மக்களுக்குப் பத்து வருசத்துக்கு ஒருதடவை ஒரு கண்டம் வரும். பாஸ்போர்ட் புதுப்பிக்கிறது. போட்டோ சைஸ், கட்டணம், அப்பாயின்ட்மென்ட் எல்லாத்தையும் எப்படியோ சமாளிச்சுருவாய்ங்க. ஆனா ஃபாரத்துல ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க, அங்கதான் நம்ம ஊர்க்காரன் பேனாவைக் கீழ வச்சுட்டு முழிப்பான். ஒண்ணு 'கிவன் நேம்'. இன்னொண்ணு 'சர்நேம்'.

நமக்கு ஏதுங்க சர்நேம்?

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான்னு மதுரையச் சுத்தி எங்க வேணா போய்க் கேளுங்க. பேரு ஒண்ணு, முன்னாடி அப்பா பேரோட முதலெழுத்து. கல்யாணப் பத்திரிகையில இருந்து கடை போர்டு வரைக்கும் அதுதான். பாஸ்போர்ட்டுல இனிசியல் செல்லாது, விரிச்சு எழுதணும். எங்க எழுதுறது? சர்நேம் கட்டத்துல எழுதினா அப்பா பேரு குடும்பப் பேரா ஆயிரும். காலியா விட்டா ஒத்தைப் பேரு.

ரெண்டு பக்கமும் இடிதான். ஒரு பேச்சுக்கு, மாயாண்டி மகன் செல்வம்னு வச்சுக்குவோம். சர்நேம் மாயாண்டி. துபாய் பேங்க்குல அவரைக் கூப்பிடுறது "மிஸ்டர் மாயாண்டி". நிஜ மாயாண்டி இங்க செல்லம்பட்டில வேப்பமரத்தடியில உக்காந்திருக்காரு! செல்வத்தோட பொண்ணுக்கு சர்நேம் செல்வம். வீட்டுக்காரம்மாவுக்கு அவுங்க அப்பா பேரு. ஒரே குடும்பம், மூணு சர்நேம். "இது உங்க பிள்ளைதானா?"ன்னு இமிகிரேசன்ல ஒரு பார்வை பார்ப்பாய்ங்க பாருங்க...

சரி, காலியா விட்டா? அமெரிக்க விசாவுல பேருக்குப் பதிலா 'எஃப்.என்.யூ.'ன்னு அடிச்சுக் குடுப்பாய்ங்க. முதல் பெயர் தெரியாதுன்னு அர்த்தம். பெத்து, பேரு வச்சு, காது குத்திக் கிடா வெட்டின ஆளுக்குப் பேரு தெரியாதாம்! 2022 நவம்பர்ல அமீரகம் இன்னொரு குண்டைப் போட்டுச்சு. பாஸ்போர்ட்டுல ஒத்தைப் பேரு இருந்தா சுற்றுலா விசா, விசிட் விசாவுல உள்ள விடமாட்டோம்னு. அப்புறம், ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா சரின்னு இறங்கி வந்தாய்ங்க.

இதைச் சொன்னா நம்மாளுகள்லயே சில பேரு "ஊரோட ஒத்துப் போக வேண்டியதுதானே, ஏதாச்சும் ஒரு சர்நேம் வச்சுத் தொலைங்க"ம்பாங்க. அண்ணே, நில்லுங்க. நமக்கு சர்நேம் இல்லாமப் போனது மறதியால இல்லை. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் போடுறதை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. அதுக்கப்புறம் வந்த தலைமுறைகள் பட்டத்தை வெட்டிட்டு அப்பா பேரோட ஒரு எழுத்தை மட்டும் வச்சுக்கிச்சு. பேருல போன சாதி மனசுல போச்சான்னு கேப்பீங்க. மேலூர் பக்கம் மேலவளவுல 1997ல நடந்த கொலைகளை மறந்துட்டு நான் பேசலை. சாதி ஒழியலைதான். அதுக்காக, கையெழுத்துப் போடுறப்பவாச்சும் அதை விட்ட ஒரு பழக்கத்தை, ஒரு காலிக் கட்டத்தை ரொப்புறதுக்காக விட்டுக்குடுக்கணுமா? அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் தாத்தா காலத்துப் பட்டத்தைத் தேடி எடுக்கத் தோணுதே, அதுதான் ஆபத்து.

"கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்க"ன்னு அடுத்த பதில் வரும். அதெல்லாம் ஏத்துக்கும். பாஸ்போர்ட் எப்படி இருக்கணும்னு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்போட விதி இருக்கு, ஆவணம் 9303ன்னு பேரு. பேரை ரெண்டாப் பிரிக்க முடியலைன்னா முழுப் பேரையும் ஒரே அடையாளமா எடுத்துக்கலாம்னு அதுலயே இருக்கு. பர்மாக்காரர் ஊ தாண்ட் 1961ல இருந்து 1971 வரைக்கும் ஐ.நா. பொதுச்செயலாளர். அவரு பேரு 'தாண்ட்' மட்டும்தான், 'ஊ' மரியாதைக்குப் போடுறது. இந்தோனேசியாவை ஆண்ட சுகர்னோவும் சுகார்த்தோவும் ஒத்தைப் பேருக்காரங்கதான். உலகம் என்ன இடிஞ்சா விழுந்துச்சு?

வெளியூர்ல இருக்கவனுக்கு ஏன் கூடுதல் வலி? ஊர்ல இருந்தா அலைஞ்சு திரிஞ்சாவது சரிபண்ணலாம். அங்க விசா, அடையாள அட்டை, பேங்க் கணக்கு, லைசென்ஸ், சம்பளம் எல்லாம் பழைய பேருல நிக்கும். புதுப்பிக்கிறப்போ பேரு கொஞ்சம் மாறினாலும் எல்லாத்தையும் திரும்ப மாத்தணும். பெரிய மாற்றம்னா ரெண்டு நாளிதழ்ல விளம்பரம் வேற. தன் பேரு தன் பேருதான்னு நிரூபிக்க ஒருத்தன் காசு குடுத்து விளம்பரம் போடணும்!

கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. 'முழுப் பெயர்'னு ஒரே கட்டம். கீழ 'தந்தை அல்லது தாய் பெயர், பெயரின் பகுதியாக'ன்னு ஒண்ணு. சர்நேம் இருக்கவுங்க மட்டும் அதை ரொப்பட்டும். வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் இதை விளக்கிச் சொல்ற வேலை வெளியுறவு அமைச்சகத்தோடது, செல்வத்தோடது இல்லை.

முன்னாடி பாஸ்போர்ட்டுன்னா திருச்சிக்கு பஸ் ஏறணும். 2007 டிசம்பர்ல ஆபீஸ் மதுரைக்கே வந்துருச்சு. ஃபாரம் மட்டும் இன்னும் நம்ம ஊருக்கு வந்து சேரலை.

டிஸ்கி: புதுப்பிக்கப் போறவுங்க பழைய பாஸ்போர்ட்டுல பேரு எப்படிப் பிரிஞ்சிருக்கோ அப்படியே எழுதுங்க. டிக்கெட்டும் அதே மாதிரி போடுங்க. கோவத்தை ஃபாரத்துல காட்டாதீங்க, அமைச்சகத்துக்குக் கடுதாசியா எழுதுங்க :-)