குதிரைக்குத் தலைகுனிவு நல்லது

ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட மண் குதிரைகளைப் பார்க்காமல் எங்கள் கோட்டையூர்ப் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஸார், நிஜக் குதிரை ஆகாயத்தில் போகுமா?" என்றான். வகுப்பே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை.

போகும். 2021-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் நமது ஃபுவாத் மிர்ஸா ஏறிய குதிரை ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு விமானத்திலேதான் போயிற்று.

குதிரையைத் தரையிலேயே பெட்டி போன்ற சிறு லாயத்தில் ஏற்றி, லாயத்தோடு விமானத்துக்குள் வைக்கிறார்கள். வழியெல்லாம் அது நின்றுகொண்டே வரும். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் காலை அகட்டி ஊன்றிக்கொள்ளும். கூடவே வரும் குதிரைக்காரர் புல்லும் தண்ணீரும் காட்டித் தேற்றுவார்.

உயரத்தைக் கண்டுதான் குதிரை அஞ்சும் என்று நினைக்கிறோம். பெரிய அபாயம் வேறு. தலையை உயரக் கட்டிப் பல மணி நேரம் நிறுத்திவிட்டால், மூச்சுக்குழலில் சேரும் தூசியும் சளியும் வெளியேற வழியின்றி நுரையீரலில் காய்ச்சலை உண்டாக்கும். ஆகையால் அவ்வப்போது அது தலையைத் தாழ்த்த இடங்கொடுக்க வேண்டும். மனிதருக்கு அவமானமான தலைகுனிவு குதிரைக்கு உயிர்ப்பிச்சை!

இந்த அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் சரித்திரமே சாட்சி. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட கதையை அறியாதார் இல்லை. அவரைத் தடுத்தாட்கொண்ட ஆவுடையார்கோயில் எங்களூருக்கு வெகு தூரமன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரை வியாபாரத்தின் மற்றொரு கதையைச் சொல்கிறார். சகோதரர்களான ஐந்து அரசர்களும் ஆளுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் விரும்பினார்களாம். கப்பலில் வந்து இறங்கிய அவற்றில் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாதாம். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்களாம். பேணத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையாம். வியாபாரிகளோ லாடக்காரனை இந்தப் பக்கமே வரவிடவில்லை. குதிரை பிழைத்துவிட்டால் மறு வருஷம் வியாபாரம் ஏது?

இதைக் கேட்ட பையன், "அப்படியானால் குற்றம் விற்றவனுடையதுதானே, ஸார்?" என்றான்.

"விற்றவன் தன் லாபத்தைப் பார்த்தான். வாங்கியவன் வித்தையைக் கற்றிருக்க வேண்டாமா?" என்றோம்.

இம்முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. குதிரைக்கு மட்டுமா இது பொருந்தும்? பொன்னைக் கொட்டி அயலாரிடம் எதை வாங்கினாலும், அதைப் பேணும் வித்தையை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்காத வரையில், ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டேதான் இருப்போம்.