தங்கம் போன குழிக்குள்

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி கோலார் தங்கவயல். ஊரை நெருங்கும்போதே சாம்பல் நிற மேடுகள் கண்ணில் படும். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண். உள்ளூர்க்காரர்களுக்கு அது சயனைடு மேடு. மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். காற்று பலமாக அடித்தால் தூசு வீட்டுக்குள் வந்துவிடும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, மேடு போகவில்லை.

இப்படிப்பட்ட ஊரின் தலையில்தான் 2012 நவம்பரில் அந்தச் செய்தி விழுந்தது. கூடங்குளம் வழக்கில், அணுக் கழிவை என்ன செய்யப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு, கைவிடப்பட்ட கோலார் சுரங்கங்களில் புதைக்கும் யோசனை இருப்பதாக உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுத் தரப்பு சொன்னது. தங்கவயல் தெருவுக்கு வந்தது. தமிழர், கன்னடர் பேதமில்லை. அனுமதிக்க மாட்டோம் என்றார் அப்போதைய முதல்வர் ஜெகதீஷ் ஷெட்டர். சில நாட்களிலேயே, அப்படி ஒரு திட்டமே இல்லை என்று அணுசக்தி வட்டாரம் மறுத்தது. திட்டமே இல்லையென்றால் நீதிமன்றத்தில் சொன்னது எதை?

நெருப்பில்லாமல் புகையவில்லை. 1980-களில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதே சுரங்கத்தில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒரு சோதனை நடத்தியது. கழிவின் சூட்டைப் பாறை தாங்குமா என்று ஹீட்டர்களை வைத்துப் பார்த்தார்கள். கதிரியக்கக் கழிவு எதையும் புதைக்கவில்லை. ஆனால் இந்த விவரம் ஊர்மக்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அறியாமையால் வந்த பீதி என்று இதை ஒதுக்குவது சுலபம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கி வேலை செய்த பரம்பரை இது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதைப் பார்த்தவர்கள். பம்புகள் நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது அவர்களுக்குத் தெரியும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் அரசாங்கம், சயனைடு மேட்டை என்ன செய்தது என்று அவர்கள் கேட்டால் பதில் இல்லை.

பெங்களூர் விஷயம் வேறு. 1902-ல் சிவசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்கு. பெங்களூர் 1905 வரை காத்திருந்தது. இன்று கூடங்குளத்தின் முதல் அலகு தரும் 1,000 மெகாவாட்டில் 221 மெகாவாட் கர்நாடகத்தின் பங்கு. விளக்கு எரியும்போது கழிவு எங்கே போகிறது என்று நகரத்தில் யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஊரின் பெயர் அடிபட்டபோதுதான் விழித்துக்கொண்டார்கள்.

எரிந்த எரிபொருள் கழிவே அல்ல, மறுசுத்திகரித்தால் மீண்டும் பயன்படும், மிச்சத்தைக் கண்ணாடியாக உருக்கி வைக்கலாம், அளவும் குறைவு என்பது அணுசக்தித் துறையின் வாதம். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. கேட்பவர்தான் நம்பத் தயாராக இல்லை.

பின்லாந்தில் யூராயோகி என்ற சிற்றூர். அணு உலைகளோடு பழகிய ஊர். நிலத்துக்குக் கீழே 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கழிவைப் புதைக்க, முதலில் அந்த ஊராட்சி மன்றத்தின் சம்மதம் வேண்டும் என்பது அங்கே சட்டம். வேண்டாம் என்றால் அத்துடன் முடிந்தது. 2000-ல் ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 20, எதிர்ப்பு 7. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது அடுத்த ஆண்டுதான்.

கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே சேமித்து வைக்கும் கிடங்கு பற்றி, 2019 ஜூலை 10-ல் ராதாபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.