கழகமா, கல்லூரியா?

ஆடத் தெரிந்த பையன் யாருக்கு உரியவன் என்ற வழக்கு நமது கரையோர ஊர்களுக்குப் புதியதன்று. மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, உதைபந்தாட்டக் கழகம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. பதினான்கு, பதினைந்து வயதுப் பையன் ஒருவனின் காலில் பந்து அடங்கி நிற்பதைக் கண்டதும், கழகத்துக் காக்காமார் அவனைத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றனர். அதே பையன் காலையில் பாடசாலைக்குப் போகிறான். அங்கே விளையாட்டுப் பொறுப்பாசிரியர் வலயப் போட்டிக்கான பட்டியலில் அவன் பெயரையே முதலில் எழுதுகிறார். இருவரும் அவன்மீது உரிமை கொண்டாடுகின்றனர். இருவர் உரிமையிலும் நியாயம் உண்டு. ஆனால், அவனுடைய முழங்காலும், பரீட்சையும், வருங்காலமும் இவ்வழக்கில் பணயமாக வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கழகத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர்கள் தம் பாடசாலைக்காகவும் ஆட வேண்டுமா? ஆட வேண்டும் என்பதே நமது கருத்து. ஆயினும் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றைக் கூறுமுன், மறுப்போரின் வாதத்தை அதன் வலு குன்றாமல் எடுத்துரைப்பதே முறையாகும்.

கழகத்தார் கூறுவது இது: நாங்கள் ஆண்டு முழுவதும் பயிற்சி கொடுக்கிறோம். பாடசாலையோ போட்டி வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அணியைக் கூட்டுகிறது. நாங்கள் பந்தைத் தரையோடு கொடுத்து வாங்கப் பழக்குகிறோம். அங்கே உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடச் சொல்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம் என்று சுற்றுப்போட்டியை முடிக்கிறார்கள். கால் வீங்கிய பையன் மறுவாரம் எங்களிடம் நொண்டிக்கொண்டு வருகிறான். பயிரை வளர்ப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவரா?

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வளரும் பருவத்து எலும்பு முற்றிய எலும்பன்று. முழங்காலுக்குக் கீழே, தசைநார் எலும்போடு சேரும் இடத்தில், ஓயாத ஓட்டத்தினாலும் உதையினாலும் வீக்கமும் வலியும் உண்டாவதை மருத்துவர்கள் நன்கு அறிவர். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016 இல் வெளியிட்ட அறிக்கையில், விளையாட்டில் ஆழ்ந்து ஈடுபடும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள்களும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்களும் அவ்விளையாட்டிலிருந்து ஓய்வு வேண்டும் என்று கூறியிருக்கிறது. இரண்டு அணிகளில் ஆடும் நம் பையனுக்கு இந்த ஓய்வை யார் கணக்கிட்டுக் கொடுக்கிறார்கள்? கழகம் பாடசாலை கொடுக்கும் என்று நினைக்கிறது. பாடசாலை கழகம் கொடுக்கும் என்று நினைக்கிறது.

இந்தச் சிக்கலை வேறு நாட்டார் எவ்வாறு தீர்க்க முயன்றனர் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. அமெரிக்காவில் தேசிய உதைபந்தாட்டச் சம்மேளனம் 2007 இல் இளையோர் பயிற்சிக் கழகங்களை ஒரே அமைப்பின்கீழ்க் கொண்டுவந்தது. 2012 இல் அவ்வமைப்பு தனது பருவகாலத்தைப் பத்து மாதங்களாக நீட்டியதோடு, அதில் சேர்ந்த பையன்கள் தம் உயர்நிலைப் பாடசாலை அணிகளில் ஆடக்கூடாது என்றும் விதித்தது. பயிற்சி சிதறாமல் இருக்க வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில், கொரோனாப் பெருந்தொற்றின் பணமுடையில் அந்த அமைப்பே மூடப்பட்டது. அதன் இடத்தை வேறு அமைப்புகள் எடுத்துக்கொண்டன என்பது உண்மையே. எனினும், அதற்காகப் பாடசாலை அணியைத் துறந்த பையன்களுக்கு அந்தப் பருவம் மீண்டும் வரவில்லை.

யப்பானின் அனுபவம் இன்னும் நுட்பமானது. அங்கே உயர்நிலைப் பாடசாலைகளின் தேசியப் போட்டி 1917 முதல் நடந்து வருகிறது. 1993 இல் தொழில்முறை லீக் தொடங்கியபின், ஒவ்வொரு கழகமும் தனது இளையோர் அணியை வளர்த்தது. பையன் ஒன்றில் கழகத்தில் பதிய வேண்டும். அல்லது பாடசாலையில் பதிய வேண்டும். கழகங்கள் தெரிந்தெடுத்தவர்களே நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆவர் என்றுதான் எவரும் எண்ணியிருப்பர். ஆனால் நடந்தது என்ன? யொக்கோஹாமாக் கழகத்தின் மேல்நிலை இளையோர் அணியில் இடம் பெறாத ஷுன்சுக்கே நாகமுரா பாடசாலை அணியில் ஆடி வளர்ந்து, நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரராகத் திரும்பி வந்தார். ஒசாக்காக் கழகம் மேல் அணிக்கு உயர்த்தாமல் விட்ட கெய்சுக்கே ஹொண்டாவும் பாடசாலை வழியாகவே எழுந்து, உலகக் கிண்ணப் போட்டிகளில் கோல் அடித்தார். பதினைந்து வயதில் ஒரு பையனின் முடிவை எவராலும் எழுதிவிட முடியாது என்பதற்கு இவ்விருவரும் சான்று. யப்பானியரும் அதனை உணர்ந்தவர்களாகவே, 2011 இல் கழக இளையோர் அணிகளும் பாடசாலை அணிகளும் ஒன்றோடொன்று மோதும் 18 வயதுக்குட்பட்டோர் பிரிமியர் லீக்கை ஏற்படுத்தினர். இரண்டு வழிகளும் ஒரே களத்தில் சந்தித்தன.

நிற்க, நமது நிலைக்கு வருவோம். பார்சலோனாக் கழகம் 1979 இல் தனது பழைய பண்ணைவீட்டை இளம் ஆட்டக்காரரின் விடுதியாக்கியது. அங்கே பையனுக்கு உறைவிடம் உண்டு, உணவு உண்டு, கல்விக்கும் ஏற்பாடு உண்டு. அத்தகைய கழகம், 'பாடசாலைக்கு ஆடாதே' என்று சொன்னால், அதற்கு ஈடாகத் தானும் ஏதோ தருகிறது. நமது கழகங்களின் நிலை அதுவன்று. அங்கத்தவரின் சந்தாவாலும், ஊர்த் தனவந்தரின் உதவியாலும், வளைகுடா நாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்தாலும் அவை நிற்கின்றன. அந்த நிலையிலும் அவை செய்யும் தொண்டு பெரிது. அதனைக் குறைத்துக் கூறுவது நமது நோக்கமன்று. ஆயினும், தன்னால் கொடுக்க முடியாத ஒன்றிற்கு ஈடாகப் பையனிடம் பாடசாலையைக் கேட்பது எவ்வகையில் நீதி?

பாடசாலை அவனுக்கு என்ன தருகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வலயம், மாகாணம், அகில இலங்கை என்று படிப்படியாக உயரும் ஏணி பாடசாலைப் போட்டிகளில் இருக்கிறது. கொழும்பிலிருந்து தொலைவில் வாழும் ஏழைப் பையன், நாட்டின் தேர்வாளர் கண்ணில் படுவதற்கு அதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. தேசிய மட்டத்தில் சிறந்து விளங்கியோர்க்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஒதுக்கீடும் உண்டு. தலைநகரின் முன்னணி அணிகளுள் தரைப்படை, கடற்படை, வான்படை, பொலிஸ் ஆகியவற்றின் கழகங்களும் இருக்கின்றன. அங்கே ஆட்டத்தோடு உத்தியோகமும் கிடைக்கிறது. அதற்குக் கல்வித் தகைமை வேண்டும். எனவே, ஆட்டத்தின் பெயரால் பாடசாலையைக் கைவிடுபவன் ஆட்டத்தின் கதவுகளையே தன் கையால் சாத்திக்கொள்கிறான்.

பாடசாலை விளையாட்டு உயர்ந்த ஆட்டத்துக்குத் தடையாகும் என்பார், நம் நாட்டுக் கிரிக்கெட்டைப் பார்க்கட்டும். 1982 இல் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கியபோது, 18 வயது அர்ஜுன ரணதுங்க ஆனந்தக் கல்லூரியின் மாணவராகவே அந்த அணியில் இடம்பெற்றார். பதினான்கு ஆண்டுகளின்பின் உலகக் கிண்ணத்தை ஏந்திய அணிக்குத் தலைவரும் அவரே. கல்லூரித் தொப்பி அவருக்குச் சுமையாக இருந்ததாக எவரும் கூறியதில்லை.

இன்னொன்று. 2023 ஜனவரியில் சர்வதேசச் சம்மேளனமான பீபா, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதமே தடை நீங்கியது. அதனால், 1995 இல் கொழும்பு மண்ணில் நாம் வென்ற தெற்காசியக் கிண்ணத்துக்கான 2023 ஆம் ஆண்டுப் போட்டியில் நமது அணி பங்குபற்றவே முடியவில்லை. மேலே உள்ளவர்களின் பிணக்கினால் கீழே உள்ள பிள்ளைகள் இழப்பது எவ்வளவு என்பதை அந்த ஆண்டு காட்டியது. ஒரே அமைப்பை நம்பி ஒரு பையனின் இளமை முழுவதையும் ஒப்படைப்பது அறிவுடைமையாகாது.

பெண்பிள்ளைகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. நமது ஊர்க் கழகங்கள் ஆண்களுக்கென்றே எழுந்தவை. பெண்பிள்ளை பந்தைத் தொட வேண்டுமாயின், நம் சமூகச் சூழலில் அவளுக்குப் பொருந்திய இடம் பாடசாலை மைதானமே. தலையை மறைத்து ஆடக்கூடாது என்றிருந்த தடை 2014 இல் நீக்கப்பட்டது. 2023 ஆம் ஆண்டு மகளிர் உலகக் கிண்ணத்தில் மொறோக்கோ நாட்டு நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்தே ஆடினார். வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால், சிறந்த பையன்களெல்லாம் கழகத்தோடு போய்விட்டால், அதிபருக்கு உதைபந்தாட்டத்தில் உள்ள அக்கறை குறையும்; பந்து வாங்கும் பணம் வேறு துறைக்குப் போகும்; பொறுப்பாசிரியரும் வேறு வேலை பார்ப்பார். பாடசாலையில் ஆட்டம் அழிந்தால், பெண்பிள்ளைக்கு வேறு கழகம் இல்லை.

ஊர்களிடையே உள்ள உறவையும் மறக்கலாகாது. முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று மூவினத்தாரும் வாழும் மாவட்டம் இது. கழகம் பெரும்பாலும் ஊரோடும் தெருவோடும் கட்டுண்டது. அதன் பிணக்குகளும் ஊர்ப் பிணக்குகளாக மாறக்கூடியவை. பாடசாலை அணியோ ஆசிரியரின் கண்காணிப்பில், சீருடையோடு, வேறு மொழி பேசும் பிள்ளைகளின் மைதானத்துக்குப் போகிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கியபோது, மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் காரைதீவும் ஒரே அலையில் சிதைந்தன. கடல் வேற்றுமை பார்க்கவில்லை. அதன்பின் பிறந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடங்களுள் பாடசாலை மைதானமும் ஒன்று. அதனை வெறுமையாக விட்டுவிடலாகாது.

இனி, நிபந்தனைகளைக் கூறுவோம். இரண்டு அணிகளிலும் ஒரே காலத்தில் ஆடுவது கூடாது. நமது கரையில் வாடை மழை கார்த்திகை தொடங்கித் தை வரை மைதானங்களைக் குளமாக்குகிறது. றமழானில் முஸ்லிம் பாடசாலைகள் விடுமுறை கொள்கின்றன. க.பொ.த. பரீட்சைக் காலத்தைத் தொடக் கூடாது. இவை போக எஞ்சும் மாதங்களில், பாடசாலைப் போட்டிக் காலம் வரும்போது கழகம் பையனை விட்டுக்கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் பாடசாலை அவனைக் கழகத்துக்குத் திருப்ப வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அவன் பந்தையே தொடலாகாது. அடுத்தடுத்த நாள்களில் அவனை ஆட்டத்தில் இறக்கலாகாது.

இதற்குப் பெரிய அலுவலகம் வேண்டியதில்லை. பையனின் கையில் ஒரு சிறு கொப்பி போதும். எந்த நாளில், எவருக்காக, எத்தனை நிமிடம் ஆடினான் என்பதைக் கழகப் பயிற்றுவிப்பாளரும் பொறுப்பாசிரியரும் அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வலி என்று அவன் சொன்னால், அதனையும் எழுத வேண்டும். இருபது நிமிடத்தில் முடியும், பீபா வகுத்த '11+' என்னும் உடற்சூட்டுப் பயிற்சியை இரு சாராரும் ஒரே விதமாகச் செய்விக்கலாம். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான பெண் ஆட்டக்காரரிடையே நடந்து 2008 இல் வெளிவந்த ஆய்வில், அப்பயிற்சி செய்தோர்க்குக் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதற்குத் தேவையானவை ஒரு பந்தும் சிறிது பொறுமையுமே.

காயம் பட்டால் யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தான். ஆனால், ஸ்கேன் எடுக்கத் தனியாரிடம் போனாலும், மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ பஸ் ஏறினாலும், செலவு மீன்பிடிக்கும் வாப்பாவின் தலையில், அல்லது தறியில் நெய்யும் உம்மாவின் தலையில் விழுகிறது. எவருடைய சட்டையை அணிந்து ஆடினானோ, அவர்களே அந்தச் செலவை ஏற்க வேண்டும். கிண்ணம் வாங்கும்போது உரிமை கொண்டாடுபவர், கட்டுப்போடும்போது விலகி நிற்பது பெருமையன்று.

1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய ஏ.எம்.ஏ. அஸீஸ், பின்னர் 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதி எழக் காரணமானார். அறிவுள்ள பிள்ளை பணமின்மையால் பின்தங்கலாகாது என்பதே அந்த நிதியின் கருத்து. பின்னாளில் அவர் அதிபராக இருந்து நடத்திய கொழும்பு ஸாஹிராவிலோ, படிப்பும் உதைபந்தாட்டமும் ஒருங்கே செழித்தன. கால்வன்மை உள்ள பிள்ளைக்கும் அதே நீதி பொருந்தும். அவனைக் கழகத்துக்கென்றோ கல்லூரிக்கென்றோ பங்கிடத் தேவையில்லை. அவனுக்கு ஒரு சோடிச் சப்பாத்தும், ஒரு நாள் ஓய்வும், தடையில்லாத படிப்பும் கிடைக்கச் செய்வதே பெரியவர் கடமை.

அடுத்த பாடசாலை ஆண்டின் முதலாந் தவணை தொடங்குமுன், ஊருக்கு ஊர் அதிபர்களும் கழகச் செயலாளர்களும் ஒரு மாலை ஒன்றாக அமர்ந்து, நாள்காட்டியை நடுவில் வைத்துப் பேசட்டும். அங்கே பெற்றோருக்கும் ஓர் இடம் இருக்கட்டும். பையனையும் அழைத்து, அவன் என்ன விரும்புகிறான் என்று கேட்கட்டும். இதுவரை எவரும் அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை.